மார்கரெட்டின் மேல்பல்

மணவூர்,
24 பிப்ரவரி 1944

கர்த்தருக்குள் பிரியமான பிரேமகுமாரிக்கு, உன் அண்ணி தபிதாள் எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் அண்ணனிடமிருந்து கிறிஸ்துமஸ் கடிதத்துக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. எந்த மலையில் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறாரோ, எழுதக்கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போன வாரம் திருத்தணியில் உன் வீட்டுக்கு வந்திருந்தாளாமே. பாட்டுக்கு நடுவில் காதோரம் சொல்கிறாள்: "இன்னா தபிதா, ஒன் நாத்தனார் கொழந்தைக்கு மேல்பல்லு மொதல்ல வந்துகீது, ஒனக்குச் சொல்லலியா?" எனக்கு அதற்குமேல் பாட்டு வரவில்லை. நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? தெரியாமல் விட்டாயா, தெரிந்தே மறைத்தாயா?

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது. மார்கரெட்டுக்குத் தாய்மாமன் ஒருவர்தான், அவர் என் புருஷன். சண்டை நடக்கிற இடத்தில் இருக்கிறார். இதை நான் உனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆத்திரம் வருகிறது.

எங்கள் அக்காள் பையனுக்கும் இப்படித்தான் முளைத்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். என் தம்பி ஜெபரத்தினம் அந்த வருஷம் நெல்லுக்குத் தண்ணீர் கட்டப் போனவன், வரப்பில் பாம்பு கடித்து அங்கேயே கிடந்தான். அவனுக்கு மீசைகூட சரியாக வரவில்லை. அவனைக் கழுவிக் கிடத்தியது நான். அதனால் இது மூடநம்பிக்கை என்று எனக்குப் பிரசங்கம் பண்ணாதே.

இரண்டாவது பல் வெளியே வருமுன் முதல் பல்லை எடுத்துவிட்டால் தோஷம் நின்றுவிடும். கனகம்மாசத்திரத்து மருத்துவச்சி கௌரியம்மாளுக்கு இது கைவந்த வேலை. வருகிற புதன்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன். பாஸ்டர் ஐயா காதில் போட வேண்டாம்.

தபிதாள்


திருத்தணி,
2 மார்ச் 1944

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று உங்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். அது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். சாத்தாமல் இருந்திருந்தால் இன்னும் பெரிய தப்பாகியிருக்கும்.

கௌரியம்மாள் வாசலில் உட்கார்ந்து துணி மூட்டையைப் பிரித்தபோது உள்ளே என்ன இருந்தது, பார்த்தீர்களா? முள்வாங்கி. காலில் முள் தைத்தால் எடுப்பார்களே, அதுதான். வேப்பெண்ணெயில் துடைத்துவிட்டு, "நீ தலையைப் புடிம்மா, நீ காலைப் புடி, ஒரு நிமிசம்தான்" என்றாள். தலையைப் பிடிக்க நீங்கள் கை நீட்டினீர்கள். மார்கரெட் அந்தக் கையைப் பிடித்து விளையாடுகிறாள். அதைப் பார்த்த பிறகு அவளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடாமல் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

எங்கள் ரயில்வே குவார்ட்டர்சுக்குத் துணி விற்க வருகிற கோமளவல்லி பொதட்டூர்பேட்டைக்காரி. அவள் பெண்ணுக்கும் இதே கௌரியம்மாள்தான் மேல்பல்லைத் தோண்டி எடுத்தாள். ஈறு பழுத்து, கன்னம் வீங்கி, பால் குடிக்க முடியாமல் அந்தக் குழந்தை போய்ச் சேர்ந்தது. அதன் மாமன் இன்றைக்கும் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறான். குழந்தைதான் இல்லை.

கோயில் உபதேசியாரான எங்கள் அப்பாவின் மருமகள் நீங்கள். பல்லைப் பற்றி வேதத்தில் எந்த அதிகாரத்தில் சொல்லியிருக்கிறது, எனக்கும் காட்டுங்கள்.

அம்மா போன பிறகு என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அண்ணன். அவர் உயிர்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று வாசலில் நின்று கத்தினீர்கள். அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. ஒன்று சொல்கிறேன், கோபித்தாலும் சரி. நீங்கள் ஒரு பிள்ளை பெற்றிருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பிரேமகுமாரி


மணவூர்,
11 மார்ச் 1944

பிரேமா,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அன்றைக்குச் சமைக்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம், ஊரில் எவளெவளோ என்னை மலடி என்று ஜாடை பேசியிருக்கிறாள். உன் அண்ணன் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. நீ சொல்லிவிட்டாய். சரி. எனக்குப் பிள்ளை இல்லை என்பதால்தான் கேட்கிறேன். எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

வேதத்தில் பல்லைப் பற்றி இல்லை என்கிறாய். வேதத்தில் ரயிலும்தான் இல்லை. அதற்காக உன் வீட்டுக்காரர் ரயில் ஆபீசுக்குப் போகாமலா இருக்கிறார்?

பொதட்டூர்பேட்டைக் குழந்தையைச் சொன்னாய், பாவம். ஆனால் நீ எழுதியதையே நீ திரும்பப் படித்துப் பார். மாமன் பிழைத்தானே!

அந்தப் பல் இருக்கிறவரை உன் வீட்டுப்படி ஏறமாட்டேன். உன் அண்ணனுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். அவரே சொல்லட்டும்.

தபிதாள்


திருத்தணி,
30 மார்ச் 1944

அண்ணி,

நீங்கள் என்ன காரியம் செய்தீர்கள்! அவருக்கு ஏன் எழுதினீர்கள்?

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், விளக்குப் போடாமல் லாரி ஓட்டுகிறவர். அவர் மண்டைக்குள் இதைக் கொண்டுபோய் வைக்கலாமா? ஜப்பான்காரன் மணிப்பூருக்குள் வந்துவிட்டான் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் பார்சல் வேலையை நிறுத்திவிட்டு ராணுவ வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. அண்ணன் அங்கேதான் இருக்கிறாரோ என்று நானும் கேட்பதில்லை.

பாம்பு கடித்தால்கூட மனிதன் பிழைப்பான், பயம் கடித்தால் பிழைக்க மாட்டான். வளைவில் திரும்பும்போது ஒரு நொடி அவர் பல்லை நினைத்தால் போதும். அப்போது அவரைக் கொன்றது என் குழந்தையா, நீங்களா?

நான் எழுதிய கடைசி வரிக்கு மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அதுவும் வாயில் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அது நாக்கு செய்த பாவம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அன்னம்மாள் வந்து சொல்லுமுன். இரண்டாவது பல்லும் மேலேதான் வந்திருக்கிறது.

பிரேமா


மணவூர்,
12 மே 1944

பிரேமா,

அவர் கடிதம் வந்துவிட்டது. பாதி வரிகளைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள். மீதியை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துக்கொள்.

"தபிதா, உன் கடிதம் வந்த அன்று சிரித்தேன். கூட இருக்கிறவர்களுக்கும் சொல்லிச் சிரித்தோம். மறுநாள் எனக்கு முன்னால் போன லாரி பள்ளத்தில் விழுந்தது. ஓட்டியவன் பரந்தாமன், நம் அரக்கோணத்துப் பக்கம். அவனோடுதான் சிரித்தேன். அன்றிலிருந்து ஸ்டீரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. என் பெயரே யோபு, எனக்குப் பயமில்லை என்று சொல்லிக்கொண்டே ஓட்டுகிறேன். மழை பிடித்துக்கொண்டது. சாலையே இல்லை. தங்கச்சியிடம் நான் கேட்டதாகச் சொல்லாதே, வெட்கமாயிருக்கிறது. நீ கேட்பதுபோல் கேள். அந்தப் பல்லை எடுத்துவிடச் சொல். எடுத்ததும் எனக்கு எழுது."

சொல்லாதே என்றவரின் பேச்சை மீறி உனக்குக் காட்டுகிறேன். நீ சொன்னதுதான் சரி, நான் எழுதியிருக்கக்கூடாது. முட்டாள்தனம் பண்ணிவிட்டேன். ஆனால் எழுதியாகிவிட்டதே, இனி அதைத் திரும்ப எடுக்க முடியுமா? எடுக்கக்கூடியது அந்தப் பல் ஒன்றுதான்.

கௌரியம்மாள் இரண்டையும் எடுக்கலாம் என்கிறாள். உன் காலில் விழுகிறேன், பிரேமா. உன்னைவிடப் பெரியவள் நான், விழுகிறேன்.

தபிதாள்


திருத்தணி,
19 மே 1944

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்த மறுநாள் காலை இவரிடம்கூடச் சொல்லாமல் மார்கரெட்டைத் தூக்கிக்கொண்டு கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் கனகம்மாசத்திரம் போனேன். ஆமாம், போனேன்.

கௌரியம்மாள் வீட்டில் இல்லை, பிரசவத்துக்குப் போயிருந்தாள். கடைத்தெருவில் புளியமரத்தடியில் காத்திருந்தேன். மார்கரெட் என் தாலிச் செயினை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அரிசி அளவுதான் இருந்தது. அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மணவூரிலிருந்து அரக்கோணம்வரை என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அவருக்காக இதைச் செய்ய மாட்டாயா என்று என்னை நானே கேட்டேன். செய்கிறேன் என்றுதான் சொன்னேன்.

தூரத்தில் கௌரியம்மாள் வருவது தெரிந்தது. எழுந்தேன். கால் அவள் பக்கம் போகவில்லை, பஸ் பக்கம் போயிற்று. "இன்னாம்மா, என்னைப் பாக்கவா வந்தே, பாக்காமப் போறியே?" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். என்னால் முடியாது அண்ணி. அண்ணன் செத்தால் நானும் செத்த மாதிரிதான், ஆனாலும் முடியாது.

ஒரே வழி இருக்கிறது. எடுத்தாயிற்று என்று அவருக்கு எழுதிவிடுங்கள். நான் எழுதினால் நம்பமாட்டார், கேட்டது எனக்குத் தெரியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் எழுத வேண்டும். கை நடுங்காமல் ஓட்டட்டும்.

பிரேமா


மணவூர்,
10 ஜூன் 1944

பிரேமா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். சண்டையில் இருக்கிற புருஷனுக்குப் பெண்டாட்டி பொய் எழுதுவதா என்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு ஆறு நாள் தபால்காரனைப் பார்த்தேன். ஆறு நாளும் அவன் சைக்கிள் எங்கள் வாசலில் நிற்கவில்லை. தந்தியோடு வந்துவிடுவானோ என்று பயந்து கதவுக்குப் பின்னால் நின்றேன்.

எழுதிவிட்டேன். "பல்லை எடுத்தாயிற்று. குழந்தை சௌக்கியம். பிரேமா ஒன்றும் மறுக்கவில்லை. நிம்மதியாக ஓட்டுங்கள்." தபால் பெட்டியில் போட்ட பிறகு கையைக் கழுவினேன்.

பொய் எழுதிய கையால் கோயிலில் ராப்போஜன அப்பம் வாங்க நான் இனிப் போகமாட்டேன். அவர் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால், பல்லும் பொய்யும் சேர்ந்து அவரைக் கொண்டுபோனதாக எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பாரத்தில் பாதி உன்னுடையது, மறந்துவிடாதே.

தபிதாள்


மணவூர்,
22 ஆகஸ்ட் 1944

பிரேமா,

உயிரோடு இருக்கிறார். இரண்டு கடிதம் சேர்ந்து வந்தது. என் கடிதம் கிடைத்த அன்று நன்றாகத் தூங்கினாராம். கை நடுக்கம் நின்றுவிட்டதாம். சண்டையில் அடைபட்டிருந்த சாலை திறந்து முதலில் போன வண்டிகளில் இவர் வண்டியும் ஒன்றாம். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டாவது கடிதத்தைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது. லீவு கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாசம் வருகிறார். "மார்கரெட்டின் வாயை முதலில் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது என்ன செய்யப் போகிறாய்? லீவு முடிந்து அந்த மலைக்கே திரும்பப் போகிறவர். பெண்டாட்டி பொய் சொன்னாள், பல் அப்படியே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் முன்னைவிட மோசமாக நடுங்குமே. ஒரு பயத்தோடு போனவர் இரண்டு பயத்தோடு போவார்.

இனி தோஷத்துக்காக இல்லை. அது போகட்டும். பொய்யை நிஜமாக்குவதற்காகவாவது எடுத்துவிடு. திருவள்ளூரில் பெரிய டாக்டர் இருக்கிறார், மரத்துப்போக மருந்து போட்டு எடுப்பாராம். முள்வாங்கி வேண்டாம். நானே கூட வருகிறேன்.

தபிதாள்


[தபால் கார்டு]

திருத்தணி, 25 ஆகஸ்ட்

அண்ணி, முடியாது. வேறு எதுவானாலும் கேளுங்கள். பிரேமா.


திருத்தணி,
14 செப்டம்பர் 1944

அன்புள்ள அண்ணிக்கு,

இதை ஸ்டேஷன் போர்ட்டர் சுப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். காலை வண்டியில் வந்து உங்களிடம் கொடுப்பான். மதிய வண்டியில் அண்ணன் வருகிறார். அதற்குள் படித்துவிடுங்கள்.

ஆமாம், அண்ணன் இங்கே இருக்கிறார். நேற்று மெட்ராஸிலிருந்து வந்த வண்டி மணவூரில் நின்றபோது இறங்கவில்லையாம். சொந்த ஊரைத் தாண்டி இங்கே வந்து இறங்கினார். காக்கிச் சட்டை தோளில் தொங்குகிறது, அவ்வளவு இளைத்துவிட்டார். காதோரம் நரைத்துவிட்டது. உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. "கொழந்தை எங்கே?" என்றார்.

மார்கரெட் அவர் மீசையைப் பார்த்து வீறிட்டாள். அழுத வாயில் விரலை விட்டார். அவள் நறுக்கென்று கடித்தாள். விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அந்த மேல்பல்லு கீதே, பிரேமா."

"ஆங், கீது அண்ணா."

"எப்பவுமே கீதா?"

"எப்பவுமே கீது."

"எடுத்தாச்சின்னு தபிதா எழுதினாளே."

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "நான்தான் அண்ணிகிட்ட அப்பிடிச் சொன்னேன். அவங்க நம்பிகினு எழுதிட்டாங்க" என்றேன். உங்கள்மேல் பழி வரக்கூடாது என்றுதான்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "அப்போ எவன் எப்பிடிப் போனா ஒனக்கு இன்னா?" என்றார். அண்ணன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நானும் விடவில்லை. "ஒன் உசுரும் எனக்கு வேணும். அதுக்காவ இவ வாயைக் கிழிக்க மாட்டேன். அடிக்கணும்னா அடி" என்றேன். அடிக்கவில்லை. சோறு வைத்தேன், தொடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எங்கே போனார், என்ன செய்கிறார் என்று உயிர் போய்விட்டது எனக்கு. குழந்தையோடு கனகம்மாசத்திரம் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன், அண்ணி. என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனார். அண்ணன் மலையடிவாரத்தில், காவடிக்காரர்கள் தலைமுடி இறக்குகிற இடத்துக்குப் பக்கத்தில், குழந்தைக்கு வேர்க்கடலையை நசுக்கி ஊட்டிக்கொண்டிருந்தாராம். இருட்டுமுன் வந்துவிட்டார்கள். "நல்லாக் கடிக்கிறா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு படுக்கும் முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "பல்லு கீதுன்னு தபிதாவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா நான் திரும்பி வர்ற வரைக்கும் அவ செத்துச் செத்துப் பொழைப்பா. இல்லேன்னு நான் பார்த்ததாவே சொல்லிடறேன்."

அதனால் அண்ணி, உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. மதியம் வந்து உங்களிடம் பொய் சொல்லப் போகிறார். நம்பியதுபோல் இருங்கள். உங்களால் முடியுமா தெரியவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

பிரேமா


மணவூர்,
9 அக்டோபர் 1944

பிரேமா,

நேற்று உன் அண்ணனை வண்டி ஏற்றிவிட்டேன்.

அன்றைக்கு உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டுவிட்டுக் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "திருத்தணி போய்ட்டு வந்தேன் தபிதா. பார்த்துட்டேன். மேலே அந்தப் பல்லு இல்லே, ஈறு சுத்தமா கீது" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆங், நான்தான் எழுதினேனே" என்றேன். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

லீவு முழுக்க அப்படியே போயிற்று. நான் மீன் குழம்பு வைத்தேன், அவர் கூரையைப் பிரித்து வேய்ந்தார். சிரித்தோம். ஊரில் எல்லோரும், யோபு நல்ல தெம்பாக இருக்கிறான் என்றார்கள். தூக்கத்தில் அவர் கை ஸ்டீரிங் பிடிப்பதுபோல் மடங்குவதை நான் மட்டும் பார்த்தேன். பிடித்து விரித்துவிட்டால் திரும்பவும் மடங்கும். ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியும், எனக்காக நடிக்காதீர்கள், பயமாயிருந்தால் என் மடியில் படுத்து அழுங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "இன்னா?" என்றார். "உப்பு சரியா கீதா?" என்று கேட்டுவிட்டேன்.

பிளாட்பாரத்தில் வண்டி நகரும்போது ஜன்னலில் கையை நீட்டி, "பல்லைப் பத்தி இனிமே நெனைக்காதே, அது போயிட்ச்சி" என்றார். பயத்தோடுதான் போகிறார், பிரேமா. அந்தப் பயம் எனக்கு வரக்கூடாது என்று அதை மூட்டை கட்டித் தானே எடுத்துக்கொண்டு போகிறார். எனக்குத் தெரிந்தும், ஒன்றும் தெரியாதவள்போல் கையை ஆட்டினேன். வண்டி மறைகிறவரை சிரித்துக்கொண்டே ஆட்டினேன்.

அந்தப் பல்மேல் எனக்கு இன்னும் பயம்தான். போய்விட்டது என்று உன்னிடம் நடிக்கமாட்டேன். ஆனால் எடு என்று இனிக் கேட்கவும் மாட்டேன். அவரே கேட்கவில்லை, நான் யார் கேட்க?

வீட்டில் இருக்க முடியவில்லை. மார்கரெட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்கே வா. அவர் கடிதம் வருகிறவரை என்னோடு இரு. நான் பொய் சொல்லத் தேவையில்லாத ஆள் இந்த உலகத்தில் இப்போது நீ ஒருத்திதான்.

உன் அண்ணி
தபிதாள்